தீர்ந்துபோன லிப்ஸ்டிக்கிலிருந்து லிப் பாம்: வீட்டில் செய்யும் முறை

லிப்ஸ்டிக் குழாயின் விளிம்போடு தேய்ந்து சமமானதும் தீர்ந்துவிட்டது என்று எடுத்து வைத்துவிடுகிறோம். ஆனால் அந்த விளிம்புக்குக் கீழே, திருகினாலும் மேலே வராத சின்னக் கிண்ணத்துக்குள், நல்ல லிப்ஸ்டிக் இன்னும் இருக்கிறது. சென்ற ஆடி மாதம் என் அலமாரியில் கிடந்த ஐந்து பழைய குழாய்களைத் தோண்டி எடை போட்டேன். ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட ஒரு கிராம் இருந்தது. புதிதாக வாங்கும்போதே அதன் மொத்த எடை மூன்றரை கிராம்தான்.

ஆடி மாதத்தில் இதைச் செய்ததற்குக் காரணம் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் வீசத் தொடங்கினால் வீட்டில் எல்லோருக்கும் உதடு வெடித்துவிடும். உடம்பின் மற்ற இடத்துத் தோலைப்போல உதட்டில் எண்ணெய்ச் சுரப்பிகள் வேலை செய்வதில்லை, தோலும் மெல்லியது. அதனால் ஈரம் சீக்கிரம் ஆவியாகிவிடுகிறது. நாக்கால் தடவத் தடவ இன்னும் காய்கிறது. அம்மா வெண்ணெய் தடவச் சொல்லுவார். வெண்ணெய் இதமாகத்தான் இருக்கும், ஆனால் நிற்காது, பத்து நிமிடத்தில் வழிந்துவிடும். வழியாமல் நிற்க மெழுகு வேண்டும். மெழுகும் எண்ணெயும் சரியான அளவில் சேர்ந்தால் அதுதான் லிப் பாம். லிப்ஸ்டிக்கும் அடிப்படையில் அதேதான்: மெழுகு, எண்ணெய், அவற்றோடு நிறமி. அதனால்தான் மிச்ச லிப்ஸ்டிக் லிப் பாமில் இவ்வளவு சுலபமாகக் கரைந்து சேருகிறது.

முதலில் எறிய வேண்டியவற்றை எறியுங்கள்

அடுப்பு வேலை அரை மணி நேரம்கூட ஆகாது. அதற்கு முன் எதைச் சேர்ப்பது, எதைக் குப்பைக்கு அனுப்புவது என்று பிரிக்கும் வேலைக்குத்தான் நிதானம் தேவை. உதட்டில் பூசுவது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றுக்குள் போகும். சிக்கனம் பார்த்து ஆகாத பொருளை உதட்டில் வைப்பதைவிட அதைத் தூக்கி எறிவது மேல். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். ஆகவே இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

குழாயின் அடியில் காலாவதி தேதி இருக்கும். அட்டைப்பெட்டி இருந்தால் அதிலும் இருக்கும். சிலவற்றில் மூடி திறந்த டப்பா போன்ற சிறிய படமும், அதற்குள் 12எம் அல்லது 24எம் என்ற எழுத்தும் இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். தேதி கடந்திருந்தால் வேண்டாம். தேதி அழிந்துபோயிருந்து, எப்போது வாங்கினோம் என்பதும் நினைவில்லாவிட்டால் அதுவும் வேண்டாம்.

அடுத்து முகர்ந்து பாருங்கள். பழைய எண்ணெய்ப் பலகாரத்தில் வருமே, அந்தக் காறல் வாடை லிப்ஸ்டிக்கில் வந்தால் அதிலுள்ள எண்ணெய் கெட்டுவிட்டது. உருக்கினாலும் அந்த வாடை போகாது. மேலே முத்து முத்தாக எண்ணெய் கசிந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காரிலோ வெயில் படும் ஜன்னலோரத்திலோ வைத்திருந்தால் அப்படி வியர்க்கும். ஆனால் வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ புள்ளிகள் தெரிந்தால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.

உதட்டோரத்தில் நீர்க்கொப்புளம் வந்திருந்த நாட்களில் பயன்படுத்திய லிப்ஸ்டிக்கை எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது. அது வைரஸால் வருவது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும். வீட்டு அடுப்பில் உருக்கும் சூட்டை நம்பி அதைச் சுத்தமாகிவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. அதே காரணத்துக்காகத்தான் அக்கா, தங்கை, தோழி என்று நான்கு பேர் பூசிய மிச்சங்களை ஒன்றாக உருக்கவும் வேண்டாம் என்கிறேன். உங்களுடையதை வைத்து உங்களுக்குச் செய்துகொள்ளுங்கள்.

உதட்டுக்கென்று செய்யப்படாத எதையும் நிறத்துக்காகச் சேர்க்காதீர்கள். ஐ ஷாடோ மின்னுகிறது, அழகாக இருக்கிறது என்று சுரண்டிப் போடத் தோன்றும். கண்ணுக்கு அனுமதிக்கப்பட்ட எல்லா நிறமிகளும் உதட்டுக்கு அனுமதிக்கப்பட்டவை அல்ல. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ விதிகளில் அல்ட்ராமரைன் நீலமும் குரோமியம் ஆக்சைடு பச்சையும் கண் ஒப்பனைக்கு ஆகும், உதட்டுக்கு ஆகாது. நகப்பூச்சு, கைவினைக்கு விற்கும் மினுக்குத் தூள், கண்மை ஆகியவற்றையும் தொட வேண்டாம். குங்குமம் கையில் இருக்கிறதே, இயற்கையானதுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. கடையில் விற்கும் சில குங்குமப் பொடிகளில் ஈயம் கண்டறியப்பட்டிருக்கிறது. நெற்றியில் வைப்பதை வாய்க்குக் கொண்டுபோகாதீர்கள்.

பூசியதும் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் திரவ மேட் லிப்ஸ்டிக்கும் இதற்கு ஆகாது. அது காய்வதே அதிலுள்ள எளிதில் ஆவியாகும் கரைப்பான்களால்தான். சூடாக்கினால் அந்த ஆவி தீப்பிடிக்கலாம். மிஞ்சுவதும் பசைபோல இழுக்கும், எண்ணெயில் கரையாது. மிச்சமிருக்கும் கோல்டு கிரீம், பாடி லோஷன் இவற்றில் தண்ணீர் கலந்திருக்கிறது, உருக்கினால் திரிந்துவிடும். சன்ஸ்கிரீனை எண்ணெயோடு சேர்த்து உருக்கினால் அதன் பாதுகாப்பு எவ்வளவு மிஞ்சும் என்று வீட்டில் அளக்க வழியில்லை.

அப்படியானால் எது மிஞ்சுகிறது? குச்சி வடிவில் இருக்கும் சாதாரண கிரீம் லிப்ஸ்டிக், குழாய் அடியில் தங்கிய பழைய லிப் பாம், டப்பா ஓரத்தில் ஒட்டிய வாசலீன். இவை மூன்றும் போதும்.

கையில் இருக்க வேண்டியவை

தேன்மெழுகு 5 கிராம், தேங்காய் எண்ணெய் 10 கிராம், விளக்கெண்ணெய் 5 கிராம், மிச்ச லிப்ஸ்டிக் 2 கிராம். இந்த அளவில் பத்து கிராம் பிடிக்கும் சின்ன டப்பா இரண்டை நிரப்பலாம். குழாயாக வேண்டுமென்றால் நான்கு கிடைக்கும். நகை எடை பார்க்கும் சிறிய மின்னணுத் தராசு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் இரண்டும் சேர்ந்து மூன்று பங்கு என்று கண்ணளவில் தொடங்குங்கள். பதம் பார்க்கும்போது சரிசெய்துகொள்ளலாம்.

தேன்மெழுகு நாட்டு மருந்துக் கடைகளிலும் காதி கடைகளிலும் கிடைக்கிறது. மார்த்தாண்டம் பக்கம் போகிறவர்கள் அங்கே தேனீ வளர்ப்பவர்களிடமே நேரடியாகக் கேட்டு வாங்கலாம். நல்ல மெழுகு மஞ்சளாக, முகர்ந்தால் தேன் மணக்கும். வெள்ளையாக, கண்ணாடிபோல லேசாக ஒளி ஊடுருவ, எந்த மணமும் இல்லாமல் அல்லது மண்ணெண்ணெய் நெடியோடு இருந்தால் அதில் பாரஃபின் கலந்திருக்கலாம். வீட்டில் மின்சாரம் போனால் ஏற்றும் மெழுகுவத்தியை உருக்கிச் சேர்க்கவே கூடாது.

விளக்கெண்ணெயில் ஓர் எச்சரிக்கை. விளக்கேற்ற விற்கும் தீப எண்ணெய் பல எண்ணெய்களின் கலவை. நமக்கு வேண்டியது உள்ளுக்குக் கொடுக்கத் தகுந்த சுத்தமான ஆமணக்கெண்ணெய். அதை மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். லிப்ஸ்டிக் தயாரிப்பில் நெடுங்காலமாகப் பயன்படுவதும் இந்த எண்ணெய்தான். நிறமி இதில்தான் திரியாமல் பரவும், உதட்டில் மினுமினுப்பும் இதனால்தான் வருகிறது. வாசலீனைச் சேர்ப்பதாக இருந்தால் விளக்கெண்ணெயை விட்டுவிட்டுத் தேங்காய் எண்ணெயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாசலீனும் விளக்கெண்ணெயும் ஒன்றோடொன்று சரியாகக் கலப்பதில்லை, ஆறியபின் நிறம் புள்ளி புள்ளியாகப் பிரிந்து நிற்கும்.

தேங்காய் எண்ணெய்க்கு எங்கள் ஊரில் நான் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசனை சேர்க்காத, செக்கில் ஆட்டியது இருந்தால் போதும். தலைக்குத் தேய்ப்பதற்கென்று வாசனை கலந்து வருவது வேண்டாம்.

பாத்திரங்களைப் பொறுத்தவரை ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர், அது உட்காரும் அளவு வெந்நீர்ப் பாத்திரம், இரண்டு கரண்டி, பல்குச்சி, சுத்தமான டப்பாக்கள் இருந்தால் வேலை நடக்கும். டம்ளரை இந்த வேலைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். மெழுகு பட்ட பாத்திரத்தில் பிறகு காபி குடிக்க முடியாது.

லிப்ஸ்டிக்கைத் தோண்டுவது

குழாயைப் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். இறுகியபின் மேல்பக்கத்தைக் கத்தியால் மெல்லிசாகச் சீவி எறியுங்கள். உதடு பட்ட பகுதி அதுதான். பிறகு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து ஒற்றி, முழுவதும் காயவிடுங்கள். இதை அடுப்பு எரியும் இடத்தில் செய்யாதீர்கள், ஆல்கஹால் சட்டென்று பற்றிக்கொள்ளும். காய்ந்தபின் பல்குச்சியைக் கிண்ணத்தின் ஓரத்தில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால், நுங்கைத் தோண்டினாற்போல உள்ளே இருப்பது ஒரே துண்டாக வெளியே வரும்.

பல நிறங்களைக் கலக்கும்போது அளவோடு இருங்கள். சிவப்பும் இளஞ்சிவப்பும் சேரும். செங்கல் நிறமும் பழுப்பும் சேரும். அடர் ஊதாவோடு ஆரஞ்சைச் சேர்த்தால் காய்ந்த ரத்தம்போல ஒரு நிறம் வரும், யாரும் பூச மாட்டார்கள்.

உருக்குவது

டப்பாக்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, ஒரு மணி நேரமாவது காயவைத்த பின்பே அடுப்பை மூட்டுங்கள். கையும் பாத்திரமும் கரண்டியும் உலர்ந்திருக்க வேண்டும்.

பாத்திரத்தில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் வையுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தேவையில்லை. தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், வெந்நீர்ச் சூடே போதும். துருவிய மெழுகை டம்ளரில் போட்டு அந்த வெந்நீரில் நிறுத்துங்கள். நேரடித் தீயில் ஒருபோதும் வைக்காதீர்கள். மெழுகு அளவுக்கு மீறிக் காய்ந்தால் புகையும், தீயும் பிடிக்கும்.

மெழுகு தெளிந்து உருகியபின் எண்ணெய்களை ஊற்றுங்கள். ஊற்றியவுடன் மெழுகு மறுபடி வெள்ளைத் திரியாக உறையும். பதற வேண்டாம், இரண்டு நிமிடத்தில் அது கரைந்துவிடும். இப்போது லிப்ஸ்டிக் துண்டுகள். அவை அடியில் உட்கார்ந்து, விளிம்பு இளகி, சிவப்பு இழை ஒன்று எண்ணெய்க்குள் மெதுவாகப் பிரிந்து வருவது தெரியும். ஒரே திசையில், நுரை வராமல் கிளறுங்கள். நிறமி கனமானது, அடியில் தங்கப் பார்க்கும். அதனால் ஊற்றும் நொடிவரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுப்பை அணைத்தபின் ஒரு வைட்டமின் இ மாத்திரையைக் கிள்ளிப் பிழியலாம். எண்ணெய் காறிப்போவதை அது தள்ளிப்போடும். கிருமியைத் தடுக்கும் வேலையை அது செய்யாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பதம்

ஊற்றுவதற்கு முன் பதம் பார்த்தே ஆக வேண்டும். பாகு காய்ச்சுகிறவர்கள் கம்பிப் பதம் பார்ப்பதைப் போலத்தான் இதுவும். ஓர் எவர்சில்வர் கரண்டியை முன்பே ஃப்ரீசரில் வைத்திருங்கள். அதன்மேல் இரண்டு சொட்டு விடுங்கள். ஒரு நிமிடத்தில் உறைந்துவிடும். கரண்டி அறைச் சூட்டுக்கு வரும்வரை இன்னும் சில நிமிடம் பொறுத்து விரலால் தேய்த்துப் பாருங்கள்.

விரல் பட்டதும் குழைந்து ஓடினால் மெழுகு போதவில்லை. அரை கிராம் சேர்த்து மீண்டும் உருக்குங்கள். நகத்தால் கீறினால் சுருளாக உதிர்ந்து, விரலில் ஒட்டாமல் இழுத்தால் மெழுகு அதிகம். அரைத் தேக்கரண்டி எண்ணெய் ஊற்றுங்கள். விரலைச் சற்று அழுத்தி வைத்தபின் சூடு பட்டு இளகி, மெல்லிய படலமாகப் பரவினால் அது சரியான பதம்.

நம் ஊர் வெயிலுக்கு இந்தச் சோதனை மிக அவசியம். குளிர்நாட்டுச் செய்முறைகளில் மெழுகு குறைவாக இருக்கும், அங்கே அறைச் சூட்டில் தேங்காய் எண்ணெயே கட்டியாகிவிடுகிறது. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகுவது. சித்திரையில் இங்கே அது எப்போதும் தண்ணீர்போலத்தான் இருக்கும். ஆகவே மார்கழிக்கு 4 கிராம் மெழுகும் சித்திரைக்கு 6 கிராமும் நான் வைத்துக்கொள்ளும் கணக்கு. கைப்பையில் போட்டு வெயிலில் அலைகிறவர்களுக்கு 6 கிராம்தான் சரி. ஊட்டி, கொடைக்கானல் வாசிகள் 4 கிராமிலேயே நின்றுகொள்ளலாம்.

பதம் சரியானதும் டம்ளரை வெளியே எடுத்து, அடிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். துடைக்க மறந்தால் அடியில் ஒட்டிய வெந்நீர் டப்பாவுக்குள் சொட்டிவிடும். குழாயில் ஊற்றுகிறவர்கள் முக்கால் அளவு ஊற்றி, ஓரம் உறையத் தொடங்கியதும் மிச்சத்தை ஊற்றுங்கள். ஒரே மூச்சில் நிரப்பினால் ஆறும்போது நடுவில் குழி விழும். மூடியைச் சூட்டோடு போடாதீர்கள். இரண்டு மணி நேரம் அசைக்காமல் விடுங்கள்.

தண்ணீர் என்ற ஒரே எதிரி

முதல் முறை செய்தபோது நிறம் இயற்கையாக இருக்கட்டும் என்று பீட்ரூட் சாறு இரண்டு சொட்டும் மணத்துக்குப் பன்னீரும் விட்டேன். கிளறும்போது கலந்ததுபோலத் தெரிந்தது. ஆறியபின் திறந்து பார்த்தால் மெழுகுக்கு நடுவே சிவப்பு முத்துக்களாகச் சாறு தனியே நின்றது. பத்து நாளில் அந்த முத்துக்களைச் சுற்றிச் சாம்பல் நிறப் பூஞ்சை. மொத்தத்தையும் எறிந்தேன். எண்ணெயும் மெழுகும் மட்டும் இருக்கும் வரை கிருமிகள் பெருக அங்கே வழியில்லை. ஒரு சொட்டு நீர் போதும், அதற்குள் குடியேறிவிடும். தேன், கற்றாழைச் சாறு, பால், எலுமிச்சை என்று எது சொன்னாலும் எல்லாம் தண்ணீர்தான். எலுமிச்சை இன்னும் மோசம், உதட்டை எரிக்கும். தேன் வேண்டுமானால் தனியாக உதட்டில் தடவிக் கழுவிக்கொள்ளுங்கள், டப்பாவுக்குள் விடாதீர்கள்.

கற்பூரம், இலவங்கப்பட்டை, புதினா எண்ணெய் இவற்றையும் நான் சேர்ப்பதில்லை. குளுகுளுவென்று இருக்கிறது என்று பலர் விரும்புகிறார்கள். வெடித்த உதட்டில் அவை எரிச்சலைத்தான் கூட்டுகின்றன.

பூசுவதற்கு முன்னும் பின்னும்

செய்த அன்றே உதட்டில் பூசாதீர்கள். முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள். தேன்மெழுகு, விளக்கெண்ணெய், லிப்ஸ்டிக்கில் உள்ள வாசனைப் பொருள் ஆகிய எதுவும் சிலருக்கு ஒவ்வாமல் போகலாம். அரிப்போ சிவப்போ வந்தால் விட்டுவிடுங்கள்.

டப்பாவின்மேல் ஒரு சீட்டு ஒட்டி, செய்த தேதியையும் என்னென்ன சேர்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஆறு மாதம் என் கணக்கு. ஆனால் சேர்த்த லிப்ஸ்டிக்கின் காலாவதி தேதி அதற்கு முன்பே வந்தால் அந்தத் தேதிதான் எல்லை. ஈரக் கையால் தொடக் கூடாது. பல நாள் கழித்து மேலே மணல் மணலாகத் தட்டுப்பட்டால் அது கெட்டதனால் அல்ல, மெதுவாக ஆறியதனால் வந்தது. கோகோ வெண்ணெய் சேர்த்திருந்தால் இது நேரலாம். மறுபடி உருக்கி, ஃப்ரிட்ஜில் வைத்து வேகமாக ஆறவிட்டால் சரியாகிவிடும்.

நன்றாக வந்ததும் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், விற்கலாமே என்று தோன்றும். பயன்படுத்திய லிப்ஸ்டிக்கிலிருந்து செய்ததை யாருக்கும் விற்கக் கூடாது. புதிய பொருள்களில் செய்தாலும், விற்பனைக்கு அழகுசாதனம் தயாரிக்க 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழும் 2020ஆம் ஆண்டின் விதிகளின் கீழும் உரிமம் பெற்றிருக்க வேண்டும்.

கடைசியாகப் பாத்திரம். சூடு ஆறுவதற்குள் டம்ளரையும் கரண்டியையும் பழைய செய்தித்தாளால் அழுந்தத் துடைத்து, தாளைக் குப்பையில் போடுங்கள். பிறகு வெந்நீரும் சோப்பும். மிச்ச மெழுகைத் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும், பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.